இரும்புக்கும் பதம் உண்டு

மாணவர்களே! ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்னும் பழமொழியை வீட்டில் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். இடைவிடாத முயற்சியின் வலிமையை உணர்த்த அதனைக் கூறுவர். அப்பழமொழிக்குள் ஓர் அறிவியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. எவ்வளவு மெல்லிய பொருளாயினும், மீண்டும் மீண்டும் உராயுமானால் வலிய பொருளையும் சிறிது சிறிதாகக் குறைத்துவிடும்.

ஊரில் பாட்டி வீட்டில் உள்ள அம்மியைக் கண்டிருக்கிறீர்களா? அதன் நடுப்பகுதி குழிந்திருக்கும். பல ஆண்டுகள் மிளகாயும் மல்லியும் தேங்காயும் அரைத்ததால் கல் தேய்ந்த இடம் அது. அம்மி வழவழப்பாகிவிட்டால் மசாலை அரைபடாது. அப்போது, ‘அம்மி கொத்தலையோ, அம்மி!’ என்று குரல் கொடுத்துத் தெருவில் வருபவரை அழைத்து, உளியால் கொத்தச் செய்வர். நீங்கள் வாழும் கொல்கத்தாவிலும் இதே காட்சி உண்டு. வங்காளியர் தம் அம்மியையும் குழவியையும் ‘ஷில்–நோடா’ என்பர், ‘ஷில் காட்டாவ்!’ என்னும் குரல் இந்நகரத் தெருக்களில் ஒலித்து வந்தது. மொழி வேறு, தேய்மானம் ஒன்றே.

கல் தேயும். இரும்பும் தேயுமா? தேயும். டிராம் வண்டிகள் ஓடிய தெருக்களில் தண்டவாளத்தின் வளைவுகளைப் பாருங்கள். நேர்ப்பாதையைவிட வளைவில் தண்டவாளத்தின் பக்கம் மிகுதியாகத் தேய்ந்திருக்கும். சக்கரத்தின் விளிம்பு அங்கேதான் அழுத்தி உராய்ந்து செல்கிறது. இவ்வாறு இரும்பு தேய்வது ஏன், அதனை எவ்வாறு குறைக்கலாம், ஹூக்ளி ஆற்றின் அக்கரையில் உள்ள ஹௌரா நகருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

1. தேய்மானம் நிகழும் விதம்

ஒரு பொருளின் மேற்பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றலாம். நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே மேடுகளும் பள்ளங்களும் நிறைந்திருக்கும். இரண்டு இரும்புத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அவற்றின் மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. முழு எடையையும் அச்சிறு மேடுகளே தாங்குகின்றன. ஆகவே அவ்விடங்களில் அழுத்தம் மிகப் பெரிதாகிறது. அந்நிலையில் ஒரு துண்டை நகர்த்தினால் இரண்டு வகைத் தேய்மானம் நிகழலாம்.

முதலாவது, ஒட்டித் தேய்தல். அழுத்தத்தால் மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நகரும்போது பிய்ந்து வருகின்றன. எண்ணெய் இல்லாத இயந்திரத்தில் அச்சும் அதனைத் தாங்கும் பகுதியும் இவ்வாறே கெடுகின்றன.

இரண்டாவது, கீறித் தேய்தல். கடினமான துகளொன்று மென்மையான பரப்பைக் கீறிச் செல்கிறது. கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டுவது இவ்வகை. ஹூக்ளி ஆற்றின் கலங்கல் நீரில் நுண்மணல் மிதந்து வருகிறது. அந்நீரை இறைக்கும் பம்பின் உட்சக்கரத்தை அம்மணல் ஓயாமல் கீறுகிறது. கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகளில் இறங்கும் பம்புகளுக்கும் மணல்தான் பெரும்பகை.

ஆர்ச்சர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1953இல் தேய்மானத்திற்கு எளியதொரு விதியைக் கூறினார். அழுத்தும் எடை மிகுந்தால் தேய்மானம் மிகும். உராயும் தொலைவு மிகுந்தாலும் தேய்மானம் மிகும். பொருளின் கடினத்தன்மை மிகுந்தால் தேய்மானம் குறையும். எடையையும் தொலைவையும் நாம் பெரும்பாலும் மாற்ற இயலாது. வண்டி ஓடியே ஆக வேண்டும். சுமை ஏற்றியே ஆக வேண்டும். நம் கையில் எஞ்சியிருப்பது பொருளின் தன்மையே.

அப்படியாயின் மிகக் கடினமான இரும்பையே எங்கும் பயன்படுத்தினால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல் எழுகிறது. கண்ணாடி கடினமானது, கீழே விழுந்தால் உடைந்துவிடும். கடினமாக்கப்படும் இரும்பும் பெரும்பாலும் அவ்வாறே உடையும் தன்மை பெறுகிறது. தேயாமலும் இருக்க வேண்டும், உடையாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவது எளிதன்று.

2. ஆற்றின் அக்கரையில்

ஹௌரா நிலையத்தில் இறங்கிப் பாலம் கடந்து கொல்கத்தாவுக்குள் வந்தவர்கள் நம்மில் பலர். அந்நிலையத்திற்குப் பின்புறம் உள்ள நகரைச் சுற்றிப் பார்த்தவர் சிலரே. 1854இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்குத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1855இல் ஆற்றங்கரையில் உள்ள ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. பின்னர் ஆற்றின் இரு கரைகளிலும் ஆலைகள் பெருகின. தொடர்வண்டிக்கும் சணல் ஆலைக்கும் கப்பலுக்கும் இரும்புப் பாகங்கள் வேண்டியிருந்தன. தேய்ந்துபோன பாகத்திற்கு மாற்றாகப் புதியது வேண்டியிருந்தது. இத்தேவையால் ஹௌராவில் வார்ப்பாலைகள் தோன்றின. பெலிலியஸ் சாலை, லிலுவா, சால்கியா, தொழிலதிபர் ஆலமோகன் தாஸ் பெயரால் அமைந்த தாஸ்நகர் ஆகிய இடங்களில் சிறிதும் பெரிதுமாக அவை பரவின. இங்கிலாந்தின் எஃகு நகரமாகிய ஷெஃபீல்டை நினைவூட்டியதால், ஹௌராவை ‘வங்கத்தின் ஷெஃபீல்டு’ என்று அழைத்தனர்.

வார்ப்பாலையில் என்ன நடக்கிறது? முதலில் வேண்டிய பொருளின் மாதிரியை மரத்தாலோ உலோகத்தாலோ செய்வர். ஈரமணலை அதன்மேல் இடித்து இறுக்கி, மாதிரியை எடுத்துவிட்டால் மணலில் அதன் வடிவம் குழியாக நிற்கும். உருக்கிய இரும்பை அக்குழியில் ஊற்றுவர். ஆறிய பின் மணலை உடைத்து வார்ப்பை எடுப்பர். கொழுக்கட்டை அச்சையும் பணியாரச் சட்டியையும் அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று.

தமிழருக்கும் இரும்புத் தொழில் அயலானதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்பு உருக்கும் உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. இக்காலத்தில் கோயம்புத்தூரும் ஹௌராவும் இந்திய வார்ப்படத் தொழிலின் இரு முக்கிய மையங்கள்.

3. வார்ப்பிரும்பின் குறை

சாதாரண எஃகில் கரி மிகச் சிறிதளவே உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். வார்ப்பிரும்பிலோ நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி உண்டு. அதனால் வார்ப்பிரும்பு எஃகைவிடக் குறைந்த வெப்பத்தில், ஏறத்தாழ 1150 பாகை செல்சியசில் உருகத் தொடங்குகிறது. அச்சின் மூலை முடுக்குகளிலும் எளிதாக ஓடிப் பாய்கிறது. விலையும் குறைவு.

இரும்பு ஆறி இறுகும்போது, மிகுதியான கரி தனியே பிரிந்து கிராஃபைட்டாக நிற்கிறது. பென்சிலின் உள்ளே இருப்பதும் கிராஃபைட்டே. சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பில் அது மெல்லிய இதழ்களாகப் படர்கிறது. கிராஃபைட்டுக்கு வலிமை இல்லை. ஆகவே ஒவ்வோர் இதழும் இரும்பின் உள்ளே ஒரு வெடிப்பைப் போல இருக்கிறது. அதன் கூர்மையான முனையில் விசை குவிகிறது. ஓங்கி அடித்தால் விரிசல் ஓர் இதழிலிருந்து அடுத்த இதழுக்குத் தாவிச் செல்ல, வார்ப்பு உடைகிறது. தாளில் ஓரத்தில் சிறிது கிழித்துவிட்டால், பிறகு அவ்விடத்திலிருந்தே எளிதாகக் கிழிகிறதன்றோ? அதுபோலத்தான்.

கரியைத் தனியே பிரியவிடாமல் இரும்போடு சேர்த்தே இறுகச் செய்தால், வெண் வார்ப்பிரும்பு கிடைக்கும். அது மிகக் கடினமானது, எளிதில் தேயாது. ஆனால் கண்ணாடியைப் போல உடையும். துளையிடவும் கடையவும் இயலாது. எனவே, சாம்பல் இரும்பு, வெண் இரும்பு என்னும் இரண்டையும் விட்டு மூன்றாவது வழியொன்றைத் தேட வேண்டியிருந்தது.

4. இதழ் உருண்டையானது

1943ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் ஹௌராப் பாலம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில், ஒரு நிக்கல் நிறுவனத்தின் ஆய்வகத்தில், கீத் மில்லிஸ் என்னும் இளம் அறிஞர் வேறொரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். அது உலகப்போர்க் காலம். தேயாத வார்ப்பிரும்பு செய்யக் குரோமியம் தேவை. போரினால் அது கிடைப்பது அரிதாயிற்று. அதற்கு மாற்றாக எந்த உலோகம் பயன்படும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். மக்னீசியத்தைச் சேர்த்தபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஆறிய இரும்பில் கிராஃபைட்டு இதழ்களாக இல்லை. சிறு சிறு உருண்டைகளாக நின்றது.

1948இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த வார்ப்படத் தொழிலாளர் மாநாட்டில் இவ்விரும்பு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் மொரோ என்னும் அறிஞர் சீரியம் என்னும் தனிமத்தைக் கொண்டு இதே உருண்டைகளைப் பெற்றிருந்ததையும் அம்மாநாட்டில் எடுத்துரைத்தார். இவ்வாறு பிறந்ததே நீளுமை வார்ப்பிரும்பு. தொழிலகங்களில் இதனை ‘டக்டைல் இரும்பு’ என்பர்.

உருண்டைக்குக் கூர்முனை இல்லை. ஆகவே விசை ஓரிடத்தில் குவிவதில்லை. விரிசல் எளிதில் தாவுவதில்லை. சாம்பல் இரும்பு வளையாமல் உடைகிறது. நீளுமை இரும்போ இழுத்தால் சற்றே நீண்டு, அடித்தால் சற்றே வளைந்து கொடுக்கிறது. கரியின் அளவு மாறவில்லை. அதன் வடிவம் மட்டுமே மாறியது. வடிவம் மாறியதும் இயல்பே மாறிவிட்டது.

ஆயினும் இதனைச் செய்வது எளிதன்று. மக்னீசியம் ஏறத்தாழ 1090 பாகையில் ஆவியாகிவிடும். உருகிய இரும்போ 1400 பாகைக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே மக்னீசியம் சேர்த்தவுடன் கண்ணைக் கூசச் செய்யும் வெண்ணொளி பொங்கி எழும். எஞ்சி நிற்க வேண்டிய மக்னீசியம் நூற்றுக்கு 0.03 முதல் 0.05 பங்கு மட்டுமே. அதுவும் நேரம் செல்லச் செல்லக் குறையும். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் ஊற்றி முடிக்காவிட்டால் உருண்டைகள் சிதைந்து, பழைய இதழ்கள் மீண்டும் தோன்றத் தொடங்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வார்ப்புத்தான், உள்ளேதான் வேறுபாடு.

அதனை எப்படிக் கண்டறிவது? மண்பானை வாங்கும்போது நம் முன்னோர் விரலால் தட்டிப் பார்ப்பர். ‘ணங்’ என்று ஒலித்தால் நல்ல பானை. இங்கும் அவ்வாறே. ஒரே வடிவமுள்ள இரண்டு வார்ப்புகளைத் தட்டினால், நீளுமை இரும்பு மணி போல ஒலிக்கும். சாம்பல் இரும்பு மந்தமாக ஒலிக்கும். உருண்டைகள் நன்கு அமைந்த இரும்பில் ஒலி விரைந்தும் செல்கிறது. இக்காலத்தில் இதனைக் கருவிகொண்டு அளக்கிறார்கள்.

5. வெப்பத்தின் பதம்

நீளுமை இரும்பு உடையாமை என்னும் சிக்கலைத் தீர்த்தது. தேயாமைக்கு என்ன செய்வது? அதற்கே வெப்பப் பதப்படுத்தல் வேண்டும்.

அதிரசத்திற்குப் பாகு காய்ச்சுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். வெல்லமும் நீரும் ஒன்றே. ஆயினும் அடுப்பிலிருந்து எடுக்கும் நேரத்தைப் பொறுத்துக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என வேறு வேறு பதங்கள் கிடைக்கின்றன. சற்று முந்தினால் மாவு சேராது. சற்றுப் பிந்தினால் அதிரசம் கல்லாகும். இரும்புக்கும் அத்தகைய பதம் உண்டு. ‘ஆஸ்டெம்பரிங்’ என்னும் முறை அப்பதத்தை அறிந்து செய்வதாகும். அதன் படிகள் வருமாறு:

முதற்படி: வார்த்த பாகத்தை ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடேற்றி, ஒன்றிரண்டு மணிநேரம் வைத்திருப்பர். அப்போது உருண்டைகளில் உள்ள கரியில் ஒரு பகுதி, சுற்றியுள்ள இரும்பில் கரைகிறது. இரும்பின் அணுக்கள் ஆஸ்டினைட்டு என்னும் அமைப்பில் அடுக்கப்படுகின்றன.

இரண்டாம் படி: பாகத்தை எடுத்து, உருகிய உப்புத் தொட்டியில் உடனே அமிழ்த்துவர். இது சமையல் உப்பன்று. நைட்ரேட்டு வகை உப்புகள். தொட்டியின் வெப்பம் 250 முதல் 400 பாகைக்குள் இருக்கும். குளிர்வது மெதுவானால் இரும்பு மென்மையான வேறோர் அமைப்பாக மாறிவிடும். ஆகவே விரைவு தேவை. அறைவெப்பம் வரை ஒரேயடியாகக் குளிர்த்தாலோ கடினமாகும். ஆனால் எளிதில் உடையும்.

மூன்றாம் படி: அந்த வெப்பத்திலேயே ஒன்று முதல் நான்கு மணிநேரம் வரை வைத்திருப்பர். ஊசி போன்ற நுண்ணிய இரும்புப் படிகங்கள் வளர்கின்றன. அவை கரியை ஏற்பதில்லை, வெளியே தள்ளுகின்றன. அக்கரி சுற்றியுள்ள ஆஸ்டினைட்டில் சேர்ந்து, அறைவெப்பத்திலும் அது மாறாமல் நிலைக்கச் செய்கிறது. ஊசிகளும் ஆஸ்டினைட்டும் பின்னிக் கிடக்கும் இவ்வமைப்பை ‘ஆஸ்ஃபெரைட்டு’ என்பர்.

நான்காம் படி: பின்னர் வெளியே எடுத்து ஆறவிடுவர். குறித்த நேரத்திற்கு முன்னே எடுத்தால் மாற்றம் முற்றுப்பெறாது. மிகப் பிந்தி எடுத்தால், ஆஸ்டினைட்டு சிதைந்து உடையும் தன்மை வரும். பாகுக்குச் சொன்னதே இங்கும் பொருந்துகிறது.

தொட்டியின் வெப்பமே இயல்பை வகுக்கிறது. 370 பாகையை ஒட்டி வைத்தால் இரும்பு நன்கு வளைந்து கொடுக்கும். கடினத்தன்மை சற்றுக் குறையும். 250 பாகையை ஒட்டி வைத்தால் ஊசிகள் மிக நுண்ணியனவாகும், கடினத்தன்மை மிகும், தேய்மானம் குறையும், வளைதல் குறையும். ஆகவே பொறியாளர் முதலில் கேட்கும் கேள்வி, ‘இப்பாகம் எங்கே வேலை செய்யப்போகிறது?’ என்பதே. அதிர்ச்சி தாங்க வேண்டிய பாகத்திற்கு ஒரு பதம். மணலில் உராய வேண்டிய பாகத்திற்கு வேறொரு பதம்.

6. தேயாமையின் மூன்று காரணங்கள்

இவ்வாறு பதப்படுத்திய இரும்பு ஏன் எளிதில் தேய்வதில்லை?

ஒன்று, அதன் கடினத்தன்மை. பிரினெல் முறையில் கடினமான சிறு குண்டை இரும்பின்மேல் அழுத்தி, விழும் குழியின் அகலத்தைக்கொண்டு கடினத்தை எண்ணாகக் கூறுவர். சாம்பல் இரும்புக்கு அவ்வெண் பெரும்பாலும் 250க்குள் அமையும். பதப்படுத்திய நீளுமை இரும்புக்கு, பதத்திற்கு ஏற்ப, ஏறத்தாழ 270 முதல் 500 வரையும் அதற்கு மேலும் அமையும்.

இரண்டு, கிராஃபைட்டு உருண்டைகள். மேற்பரப்பில் திறந்திருக்கும் உருண்டைகளிலிருந்து கரி சிறிது பரவி மசகு போல உதவுகிறது. பென்சிலின் தூளை விரலால் தேய்த்துப் பாருங்கள்; வழுக்கும்.

மூன்றாவது காரணம் மிகவும் வியப்புக்குரியது. உழவரின் உள்ளங்கையைப் பார்த்திருப்பீர்கள். மண்வெட்டி பிடித்துப் பிடித்து அக்கை காய்ப்பேறி இருக்கும். தோலுக்குக் கேடு செய்த உராய்வே தோலைத் தடிப்பாக்கிக் காக்கிறது. இவ்விரும்பும் அவ்வாறே காய்ப்பேறுகிறது. மேற்பரப்பில் வலுவான அழுத்தம் விழும்போது, அங்குள்ள ஆஸ்டினைட்டு மார்ட்டென்சைட்டு என்னும் மிகக் கடினமான அமைப்பாக மாறுகிறது. உட்பகுதியோ முன்போலவே வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கிறது. மேலடுக்கு தேய்ந்து கீழடுக்கு வெளிப்பட்டால், அதுவும் அழுத்தம் பட்டுக் கடினமாகிறது.

இதனால் பல்சக்கரங்கள், கனரக வண்டிகளின் தாங்கிகள், உழவுக் கருவிகளின் முனைகள், மண் தோண்டும் இயந்திரத்தின் பற்கள் முதலியவை இவ்விரும்பால் செய்யப்படுகின்றன. எஃகைவிட இது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தது என்பதும் ஒரு நன்மை.

ஆயினும் எல்லா இடத்திற்கும் இதுவே சிறந்தது என்று கருதலாகாது. பதம் செய்த வெப்பத்தை ஒட்டிய சூட்டில் நெடுநேரம் வேலை செய்தால் இதன் அமைப்புக் கெடும். கடினமானபின் கடைவது அரிது. ஆகவே பதப்படுத்துவதற்கு முன்பே கடைந்துவிட வேண்டும். தடித்த பாகங்களின் உட்பகுதி விரைந்து குளிராது, நிக்கல், செம்பு, மாலிப்டினம் போன்றவற்றைச் சேர்க்க வேண்டும், செலவு கூடும். கல்லை அரைக்கும் ஆலைகளில் குரோமியம் மிகுந்த வெண் இரும்பே இன்றும் விரும்பப்படுகிறது.

7. அளந்து பார்த்தல்

தேய்மானத்தை ஆய்வகத்தில் எவ்வாறு அளப்பர்? சுழலும் வட்டத் தகட்டின்மேல் சிறு இரும்பு முளையொன்றைக் குறித்த எடையால் அழுத்திவைப்பர். குறித்த தொலைவு ஓடியபின் முளையை எடுத்து நிறுப்பர். குறைந்த எடையே தேய்ந்த அளவு.

இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். நீளுமை இரும்பு முளை 71 மில்லிகிராம் குறைந்தது எனவும், அலுமினிய முளை 54 மில்லிகிராம் குறைந்தது எனவும் கொள்வோம். எது மிகுதியாகத் தேய்ந்தது? இரும்பு என்று உடனே கூறிவிடாதீர்கள். ஒரு கன சென்டிமீட்டர் நீளுமை இரும்பின் நிறை 7.1 கிராம், அலுமினியத்தின் நிறை 2.7 கிராம். வகுத்துப் பார்த்தால், இரும்பு இழந்த பருமன் 10 கன மில்லிமீட்டர். அலுமினியம் இழந்த பருமன் 20 கன மில்லிமீட்டர். எடையில் குறைவாக இழந்த அலுமினியமே உண்மையில் இருமடங்கு தேய்ந்தது. எதனை அளக்கிறோம் என்பதை அறியாமல் அளந்தால், எண்ணும் நம்மை ஏமாற்றும்.

8. மூடியின் மேல் எழுத்து

நியூயார்க் நகரத் தெருக்களில் நடப்பவர் குனிந்து பார்த்தால், பாதாளச் சாக்கடை மூடிகள் சிலவற்றில் ‘இந்தியாவில் செய்யப்பட்டது’ என்னும் பொருளுடைய ஆங்கில எழுத்துகளைக் காணலாம். ஹௌராவில் வார்க்கப்பட்ட மூடிகள் கடல் கடந்து அங்கே கிடக்கின்றன. 2007இல் நியூயார்க் நாளிதழ் ஒன்று, அம்மூடிகளை வார்ப்பவர் யார் என்று காட்டும் படங்களை வெளியிட்டது. உருகிய இரும்பைச் சுமந்த தொழிலாளர் சிலரின் கால்களில் செருப்புக்கூட இல்லை. அதனைக் கண்டு அந்நகர மக்கள் வருந்தினர். வாங்கும் நிறுவனமொன்று, இனி ஒப்பந்தங்களில் தொழிலாளர் பாதுகாப்பையும் ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பதாகக் கூறியது.

ஹௌராவின் சிறிய வார்ப்பாலைகள் இன்று ஒரு கூட்டுச்சாலையில் நிற்கின்றன. சாம்பல் இரும்பு மூடிகளைக் குறைந்த விலைக்கு வார்த்துக்கொண்டே இருக்கலாம். அல்லது நீளுமை இரும்புக்கும், அதற்கு மேல் பதப்படுத்திய பாகங்களுக்கும் முன்னேறலாம். முன்னேற்றத்திற்குச் செலவு உண்டு. கோக் கரியில் எரியும் பழைய உலையில் உருக்கிய இரும்பில் கந்தகம் சேர்ந்துவிடுகிறது. அக்கந்தகம் மக்னீசியத்தை வீணாக்குகிறது. ஆகவே மின் உலை வேண்டும்; அளக்கும் கருவிகள் வேண்டும்; நிமிடக் கணக்கை அறிந்த பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். கொல்கத்தாவுக்கு வடக்கே கர்தாவில் உள்ள ஆலையில் நீளுமை இரும்பால் குடிநீர்க் குழாய்கள் வார்க்கப்படுகின்றன. ஹௌராவைச் சேர்ந்த சிப்பூரிலும், நகரின் தெற்கே ஜாதவ்பூரிலும் உலோகவியல் கற்பிக்கப்படுகிறது. அறிவு ஆற்றின் இரு கரையிலும் இருக்கிறது. அது சிறு ஆலைகளின் உலைவாயிலைச் சென்று சேர வேண்டும்.

அங்கே வேலை செய்வோருள் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பெற்றோரைப் போலவே பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள். இரும்பின் தேய்மானத்தைக் குறைக்கும் அறிவு நமக்குக் கிடைத்துவிட்டது. அதனை வார்க்கும் மனிதரின் தேய்மானத்தையும் குறைப்பதே நம் தலைமுறையின் கடமை. செருப்பும் கையுறையும் கண்ணாடியும் மக்னீசியத்தைப் போலவே அத்தொழிலின் இன்றியமையாத பொருள்கள்.

அடுத்த முறை லேக் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கச் செல்லும்போது, காலடியில் கிடக்கும் இரும்பு மூடியைச் சற்று நின்று பாருங்கள். எத்தனை சக்கரங்கள் அதன்மேல் ஏறி இறங்கின! மூடியின் கோலம் எவ்விடத்தில் மழுங்கியிருக்கிறது? எவ்விடத்தில் கூர்மையாக இருக்கிறது? எறும்பு ஊரக் கல் தேய்ந்த கதையை அம்மூடியும் உங்களுக்குச் சொல்லும்.

சொற்பொருள்

தேய்மானம் – உராய்வால் பொருள் சிறிது சிறிதாகக் குறைதல்
பதம் – உரிய பக்குவம்
வார்ப்பு – உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த பொருள்
மசகு – உராய்வைக் குறைக்கும் எண்ணெய் போன்ற பொருள்
காய்ப்பு – உராய்வால் தோலில் ஏற்படும் தடிப்பு
பருமன் – ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
கூட்டுச்சாலை – பல சாலைகள் கூடும் இடம்

வினாக்கள்

1. ஒட்டித் தேய்தலுக்கும் கீறித் தேய்தலுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. கரியின் அளவு மாறாதபோதும், சாம்பல் இரும்பைவிட நீளுமை இரும்பு வலிமையாக இருப்பது ஏன்?
3. பாகு காய்ச்சுதலும் ஆஸ்டெம்பரிங் முறையும் எவ்வகையில் ஒத்திருக்கின்றன?
4. பதப்படுத்திய இரும்பின் மேற்பரப்பு ‘காய்ப்பேறுகிறது’ என்பதன் பொருளை விளக்குக.
5. ‘வார்க்கும் மனிதரின் தேய்மானம்’ என்னும் தொடரால் ஆசிரியர் உணர்த்துவது யாது? உங்கள் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

மொழிப்பயிற்சி

பிரித்து எழுதுக: வார்ப்பிரும்பு, மேற்பரப்பு, இவ்விரண்டு, கூர்முனை.
‘பதம்’ என்னும் சொல்லை இரு வேறு பொருள்களில் அமைத்துத் தொடர் எழுதுக.

செயல்பாடு

உங்கள் வீட்டில் தேய்ந்துபோன பொருள்கள் ஐந்தினைத் தேடுங்கள். செருப்பின் அடி, கதவின் தாழ்ப்பாள், பழைய நாணயம், கத்தி, படிக்கட்டு என எதுவாயினும் ஆகலாம். ஒவ்வொன்றும் எவ்விடத்தில் மிகுதியாகத் தேய்ந்துள்ளது, எதனோடு உராய்ந்து தேய்ந்தது என்று அட்டவணையிட்டு எழுதுங்கள். ஊரில் உள்ள தாத்தா பாட்டியுடன் தொலைபேசியில் பேசும்போது, வீட்டு அம்மியை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை கொத்தினார்கள் என்று கேட்டு அதனையும் சேர்த்து எழுதுங்கள்.